கம்புக்குள் ஒரு சுவிஸ் கடிகாரம்

“பாய், போன வாரத்துக்கு இப்ப ஏதும் ஏறியிருக்கா?”

சனிக்கிழமை சாயங்காலம். கோவில்பட்டி மெயின் ரோட்டில் முகம்மது இஸ்மாயிலின் கடிகாரக் கடை முன்னால் சைக்கிளை நிறுத்தி, இறங்காமல் ஒரு காலை மட்டும் படியில் ஊன்றிக்கொண்டு கொம்பையா கேட்கிறான். இந்த ஊரில் விலை கேட்காத மனுஷன் கிடையாது. பருத்தி என்ன விலை, வத்தல் என்ன விலை, உளுந்து என்ன விலை என்று கேட்டுக்கொண்டேதான் ஒருவரையொருவர் கடந்து போவோம். கொம்பையா கேட்பது தங்க முலாம் பூசிய சுவிஸ் கைக்கடிகாரத்தின் விலையை.

பாய் கண்ணில் இடுக்கிய லென்ஸை எடுக்காமலே ஒரு தொகையைச் சொல்கிறார். கொம்பையா தலையை ஆட்டிவிட்டுப் பெடலை மிதிக்கிறான். நாலு வருஷமாக ஒரு சனி தப்பியதில்லை. அவனிடம் இப்போது கடிகாரம் இல்லை என்பது பாய்க்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒருநாள் பாயிடம், “எதுக்கு இன்னும் சொல்லுதீங்க?” என்றேன். “கேக்குதானே, சொல்லாம எப்படி?” என்றார்.

கொம்பையாவுக்கு முப்பது வயசு ஆகிறது. தீப்பெட்டி ஆபீஸில் மருந்து முக்குகிற வேலை. குச்சி அடுக்கிய சட்டத்தை மெழுகுத் தட்டில் ஒரு முக்கு, மருந்துத் தட்டில் ஒரு முக்கு. காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் விளக்கு வைக்கிறவரை அதுதான். விரல் நுனிகளில் செம்பழுப்புச் சாயம் ஏறி நகத்துக்குள் தங்கிவிட்டது. இடது புருவத்தில் பாதி இல்லை. ஒருநாள் ஒரு சட்டம் கையிலேயே பற்றிக்கொண்டதில் போனது, திரும்ப முளைக்கவில்லை. பீடி சிகரெட் கிடையாது. டீக்கடையில் யாராவது ஒரு பீடிக்கு ரெண்டு குச்சி கிழித்தால் மட்டும் அவனுக்குப் பொறுக்காது. “நாங்க நின்னு நின்னு முக்குதோம், நீரு இப்படிக் கிழிச்சுப் போடுதீரே!” என்று முன்பின் தெரியாத ஆளிடமும் சண்டைக்குப் போவான்.

அவனுடைய பெரிய கோளாறு, எந்தப் பண்டத்தையும் உபயோகிக்க மாட்டான். நாங்கள் ஒரே வளவில் எதிரெதிர் வீட்டில் குடியிருக்கிறோம். நான் தபாலாபீஸ் குமாஸ்தா. அவன் டிரங்குப் பெட்டியைத் திறந்தால் மூன்று தீபாவளிச் சட்டைகள் மடிப்புக் கலையாமல் இருக்கும். குளிக்கிற சோப்பை நாலாக நறுக்கி ஒரு துண்டை மட்டும் வெளியே வைப்பான். செருப்பு வாங்கி, அதைக் கையில் பிடித்துக்கொண்டு தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து போன ஆளை நான் அவனுக்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கேட்டால், “பொழங்குனா கொறையும்லா அண்ணாச்சி?” என்பான். அப்போதெல்லாம் நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். வளவில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரிப்பேன்.

அவனுக்குச் சொந்த ஊர் புதூர்ப் பக்கம். மழை பெய்தால் கம்பும் பருத்தியும், பெய்யாவிட்டால் ஆடு மட்டும். தகப்பனார் சின்ன வயசிலேயே தவறிவிட்டார். அம்மா ஆடு மேய்த்து அவனையும் தங்கை வெயிலுகந்தம்மாளையும் வளர்த்தாள். சாகும்போது அவள் மகனிடம் சொன்னது ஒரே வார்த்தைதானாம்: “ஆட்டை வித்து இவ கழுத்துல போட்டு ஒருத்தன் கையில குடுத்துரு.” இருபத்து மூன்று உருப்படி. எல்லாவற்றையும் விற்று அறுநூற்றுச் சொச்சம் ரூபாயை வேட்டி முடிச்சில் கட்டிக்கொண்டு அவன் கோவில்பட்டிக்கு வந்து சேர்ந்த நேரம்தான் சரியில்லாத நேரம். 1963 ஆரம்பத்தில் தங்கக் கட்டுப்பாடு வந்துவிட்டது. பதினாலு காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது. ஆசாரிகள் ஊதுகுழலை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். “பாதி செம்பைப் போட்டுப் பொண்ணை அனுப்புனா எவன் மதிப்பான்?” என்று கொம்பையா முடிச்சை அவிழ்க்காமல் ரெண்டு மாசம் அலைந்தான்.

அந்தச் சமயத்தில் செண்பகராஜ் என்று ஒரு பஞ்சுக் கம்பெனி ஏஜெண்டு பம்பாயில் வாங்கிய கடிகாரத்தை விற்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். அவர் யாரையும் ஏமாற்றவில்லை; கடை ரசீதோடுதான் கொடுத்தார். உண்மையான சரக்கு. கொம்பையா அதைக் கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவந்து என் முன்னால் வைத்தான்.

“வாங்கலாமா அண்ணாச்சி? பவுனு மாதிரி நிக்குமா?”

யோசனை கேட்டு ஒருத்தன் வந்துவிட்டால் நம் நாக்குக்கு எங்கிருந்துதான் அவ்வளவு தெம்பு வருகிறதோ. நான் அதுவரை இரவல் கடிகாரம்கூடக் கட்டியதில்லை. ஆனால் தினசரிப் பத்திரிகை படிக்கிறவன். வெளிநாட்டுக் கடிகாரத்தை இறக்குமதி செய்ய இனிமேல் விட மாட்டார்கள், இங்கே இருக்கிறதுதான் இருப்பு, இருப்பு குறையக் குறைய விலை ஏறும் என்று அரை மணி நேரம் பேசினேன். “பவுனுக்கு மேலேயே நிக்கும்” என்று முடித்தேன். அது பற்றாதென்று அந்தச் செய்தி இருந்த பத்தியைக் கிழித்தும் கொடுத்தேன். எழுதப் படிக்கத் தெரியாத கொம்பையா அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அறுநூறு ரூபாய் அன்றைக்கே கை மாறியது.

ஊரில் தங்கைக்காரி உகந்தா கடிகாரத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதை நான் கழுத்துல கட்டவா, காதுல தொங்கப்போடவா?” என்று கேட்டிருக்கிறாள். பிறகு அதைக் கையில் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் வீட்டுக்குள் நடந்திருக்கிறாள். “ஓட விடுண்ணே, சத்தம் கேக்க நல்லாருக்கு” என்றாளாம். இதையெல்லாம் பிற்பாடு அவளே என்னிடம் சொன்னாள். இவன் பதறிப்போய்க் கழற்றி வாங்கிவிட்டான். “ஓடுனா தேயும்ட்டி. இது ஒனக்குன்னு கெடக்கிற பண்டம்.”

எங்கே வைப்பது? அந்த ஊர்களில் அதற்கு யோசனையே கிடையாது. பத்திரமோ, வெள்ளிக் காசோ, மூக்குத்தியோ, குலுக்கைக்குள்தான். ஆளுயரத்துக்கு மண்ணால் வனைந்த தானியக் கூடு. அதன் அடியில் பண்டத்தைப் போட்டு மேலே கம்பைக் கொட்டி வாயை மண்ணும் சாணமும் குழைத்துப் பூசிவிட்டால், கள்ளன் வந்தாலும் விடிய விடியக் கம்பு அள்ளத்தான் நேரம் இருக்கும். அவன் அம்மாவின் வெள்ளி ரூபாய்கள் அப்படி இருபது வருஷம் கிடந்து பளபளவென்று வெளியே வந்தவை. கொம்பையா கடிகாரத்தைத் துணியில் சுற்றினான். தட்டைப்பயறு விதையை எப்படி வைப்பார்களோ அப்படியே ஒரு தகரச் சம்படத்தில் சாம்பலைப் போட்டு, அதற்குள் கடிகாரத்தைப் புதைத்து, மேலே பச்சை வேப்பிலையை அடைத்து மூடினான். பூச்சி அண்டாதாம். வருஷா வருஷம் புதுக் கம்பு மேலே விழுந்தது. சம்படம் அடியிலேயே கிடந்தது.

அதற்குப் பிறகு வந்த மூன்று வருஷங்கள்தான் கொம்பையா சந்தோஷமாக இருந்த காலம் என்று நினைக்கிறேன். சனிக்கிழமை பாய் கடையில் கேட்டுவிட்டு நேராக என் வீட்டு வாசலுக்கு வருவான். ஏறின ரூபாயைச் சொல்ல மாட்டான். “அண்ணாச்சி, ரெட்டைவடச் சங்கிலி ஆயிட்டு” என்பான். இன்னொரு மாசம், “கம்மலும் சேந்துட்டு.” ஒரு தீபாவளி சமயம், “ரெண்டு வளையல் ஆயாச்சு, இனி ஒட்டியாணந்தான் பாக்கி” என்று சொல்லிவிட்டு அவனே வெட்கப்பட்டுச் சிரித்தான். மருந்துத் தட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு மனசுக்குள் தங்கைக்கு ஒவ்வொரு நகையாகப் பூட்டிக்கொண்டிருந்தான்.

பாய் அவ்வப்போது, “பத்திரமா வச்சிருக்கியா தம்பி?” என்று கேட்பார். “ரொம்பப் பத்திரம் பாய்” என்பான். சாவி கொடுக்கிறாயா என்று அவர் கேட்கவில்லை. கடிகாரம் வைத்திருக்கிறவனிடம் அதையும் ஒருத்தர் கேட்பாரா?

1965இல் சிவகாசிக்காரர் ஒருவர் தொள்ளாயிரம் ரூபாய் ரொக்கத்தோடு பாய் கடைக்கு வந்தார். மகன் கல்யாணத்துக்கு அதே கம்பெனிக் கடிகாரம் வேண்டுமாம். பாய் ஆள் அனுப்பினார். கொம்பையா என்னிடம் ஓடிவந்தான். நான் வெற்றிலையை மென்றுகொண்டே, “அவசரப்படாதே, இன்னும் ஏறும்” என்றேன். அன்றைக்கே சம்படத்தைத் திறந்திருந்தாலும் உள்ளே என்ன இருந்திருக்குமோ, சொல்ல முடியாது. ஆனால் அப்படிச் சொன்னது நான்தான்.

அடுத்த வருஷம் தங்கக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். ஐப்பசியில் இடைசெவலில் இருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வீட்டார் பெண் கேட்டு வந்தார்கள். நல்ல குடும்பம், சொந்தக் கிணறு, மாப்பிள்ளை மெலிந்த, சாதுவான பையன். ஏழு பவுன் கேட்டார்கள். உகந்தா அவனைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு அன்றைக்கு முழுக்க யாரிடமும் பேசவில்லையாம். பூ வைத்தார்கள். தைக்கு முகூர்த்தம் பார்த்தார்கள். “ஏழென்ன அண்ணாச்சி, பத்தே போடுவேன்” என்றான் கொம்பையா. கடிகாரத்தை எடுத்துவர என்னையும் துணைக்குக் கூப்பிட்டான். ஆயிரம் ரூபாய்ப் பண்டமாயிற்றே, பஸ்ஸில் தனியாகக் கொண்டுவரப் பயம்.

கார்த்திகை மாசம். புதூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ரெண்டு மைல் கரிசலில் நடந்தோம். ஒவ்வொரு காலிலும் ஒரு படி மண் ஒட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் இருட்டு; உகந்தா சிமினி விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் குலுக்கையின் வாயைப் பெயர்த்து, கம்பை நாலு கடகப்பெட்டி வெளியே அள்ளி, தோள்வரை கையை விட்டுத் துழாவிச் சம்படத்தை எடுத்தான். மூடி திறக்கவில்லை. அரிவாள் முனையால் நெம்பினான்.

உள்ளே வேப்பிலை கறுத்து அழுகியிருந்தது. அதன் ஈரம் இறங்கிச் சாம்பல் கட்டியாக உறைந்திருந்தது. கட்டியை உடைத்துத் துணியைப் பிரித்ததும் கடிகாரம் வந்தது. கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாகப் பூத்துப்போய் முள் தெரியவில்லை. கொம்பையா அதை வேட்டியில் துடைத்தான். சாவியைத் திருகினான். அசையவில்லை. மருந்து ஏறிய அந்த விரல்களுக்குப் பிடி போதவில்லை என்று நினைத்தானோ என்னவோ, “நீங்க திருகிப் பாருங்க அண்ணாச்சி” என்று என்னிடம் நீட்டினான். நானும் திருகினேன். கடைசியில் உகந்தாதான் அதை வாங்கி முந்தானையால் தேய்த்து, “முலாமெல்லாம் நல்லாத்தான் இருக்குண்ணே. பாய்க்கிட்டக் குடுத்தா ஓட வச்சிருவாரு” என்றாள்.

பாய் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“எத்தனை நாளா சாவி குடுக்கலை?”

“குடுக்கவே இல்ல பாய்.”

“பத்திரமா இருக்குன்னு வாரா வாரம் சொன்னியே!”

“பத்திரமாத்தான் இருந்துச்சு. கம்புக்குள்ள, சாம்பல் போட்டு.”

பாய் லென்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தார். “பவுன்னா கம்புக்குள்ள கெடக்கும் தம்பி. இது மிஷின். ஓடிக்கிட்டே இருக்கணும், வருஷத்துக்கு ஒருக்கா எண்ணெய் பாக்கணும். எண்ணெய் காஞ்சு, சாம்பல் உள்ள போயி, ஈரத்துல எல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு. சக்கரம் மாத்தணும்னா சாமான் கெடைக்காது. பம்பாய்ல கேட்டாலும் இல்லம்பான், இறக்குமதிதான் நின்னு போச்சே. வெறுங்கூட்டுக்கு வேணும்னா நாப்பது ரூவா தாரேன்.”

எந்தத் தடையால் விலை ஏறும் என்று நான் பத்தியைக் கிழித்துக் கொடுத்தேனோ, அதே தடைதான். நான் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொம்பையா அழவில்லை. “வெலை என்ன பாய் இப்ப?” என்றான்.

“எதுக்குப்பா வெலை?”

“நல்லா ஓடுத வாட்சுக்கு.”

பாய் தயங்கினார். “ஆயிரத்து அம்பது.”

“ஏறித்தான் இருக்கு” என்றான் கொம்பையா.

இடைசெவல்காரர்கள் மரியாதையான மனுஷர்கள். பவுனுக்கு வழியில்லை என்று தெரிந்தும் சத்தம் போடவில்லை; ஜாதகத்தில் ஏதோ சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். புதூருக்கு அந்தச் செய்தியைக் கொண்டுபோனபோதும் நான் கூடப் போயிருந்தேன். “விடுண்ணே, அவிய வீட்டுல எட்டு மாடு. சாணி அள்ளியே செத்திருப்பேன்” என்று சிரித்தாள் உகந்தா. பிறகு தண்ணீர் எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். குடம் வாசலிலேயே இருந்தது.

பூ வைத்து நின்றுபோன பெண்ணை ஊர் சும்மா விடாது. மாசியில் குளத்தூர்ப் பக்கம் இருந்து ஒருவர் வந்தார். பெயர் பூவனநாதன், உப்பளத்தில் வேலை, நாற்பத்திரண்டு வயசு. முதல் மனைவி செத்து ரெண்டு பிள்ளைகள். நல்ல மனுஷன்தான், ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய மாமாதான், “நகை வேண்டாம். பேருக்கு மாப்பிள்ளை கையில ஒரு பண்டம் போட்டா சபைக்கு நல்லாருக்கும்” என்றார். கொம்பையா உடனே, “சுவிஸ் வாட்ச் போடுதேன்” என்றான். ஓடாது என்று சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வேண்டாத நேரமெல்லாம் வாயைத் திறந்த நான் அன்றைக்குத் திறக்கவில்லை.

பாய் காசு வாங்காமல் கூட்டை மெருகேற்றி, கண்ணாடியும் முள்ளும் மாற்றி, புது வாரும் போட்டுக் கொடுத்தார். கடையில் தொங்கும் காலண்டர் படத்தில் இருப்பதுபோல் முள்ளைப் பத்து மணி பத்து நிமிஷத்தில் நிறுத்திவைத்தார். “என்னால ஆனது இவ்வளவுதான்” என்றார்.

கல்யாணம் குளத்தூரில், மாப்பிள்ளை வீட்டு முன்னால் ஓலைப் பந்தலில். காலை ஏழரைக்குள் முகூர்த்தம். கொம்பையா டிரங்குப் பெட்டியில் இருந்த தீபாவளிச் சட்டைகளில் ஒன்றைப் போட்டிருந்தான். தோளில் இறுக்கிப் பிடித்திருந்தது. மாப்பிள்ளையின் கையில் கடிகாரத்தைக் கட்டிவிட்டபோது வார் துளை அவனுக்கு அகப்படவில்லை. முலாம் வெயிலில் தகதகத்தது. பெண்கள் எட்டிப் பார்த்து ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டார்கள். பூவனநாதன் உப்பில் வெடித்த அந்தக் கையை மடியில் வைக்கவும் முடியாமல் தூக்கவும் முடியாமல் கூச்சத்தோடு வைத்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் யாரும் அவருக்கு இப்படி ஒன்று கொடுத்திருக்க மாட்டார்கள்.

உகந்தாவைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அப்போதுதான் அந்த மாமா பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: “வீட்டுக்கு வீடு போயி மணி கேக்க வேண்டாம்லா இனி? மாப்பிள்ளை கையிலேயே சுவிஸ் வாட்ச் இருக்கு. பாத்துச் சொல்லுங்கப்பா, எத்தனைன்னு!”

பூவனநாதனுக்கு மணி பார்க்கத் தெரியாது. சிரித்துக்கொண்டே கையைச் சபைப்பக்கம் நீட்டினார். உப்பளத்துக் கணக்கப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். கொம்பையா மஞ்சளரிசித் தட்டோடு எனக்கு எதிரே நின்றான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

தலை குனிந்து உட்கார்ந்திருந்த உகந்தா சட்டென்று கையை நீட்டி மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள். கடிகாரம் அவள் உள்ளங்கைக்குள் போய்விட்டது. பிறகு பெண்கள் பக்கம் கொல்லென்று சிரிப்பு. “ஏட்டி, தாலியே ஏறலை, அதுக்குள்ள என்னட்டி அவசரம்?” என்று ஒருத்தி கத்தினாள். “ரொம்ப நாளு காத்துக் கெடந்தவல்லா!” என்றாள் இன்னொருத்தி. கணக்கப்பிள்ளை சிரித்துக்கொண்டே நிமிர்ந்துவிட்டார். உகந்தாவின் காதுமடல் சிவந்துபோயிருந்தது. அவள் தலையை நிமிர்த்தவில்லை. தாலி எடுத்துக் கொடுக்கிற பெரியவர், “கையை விடு தாயி, மாப்பிள்ளை தாலி கட்டணும்லா?” என்று ரெண்டு தடவை சொல்லியும், மேளக்காரர் கெட்டிமேளத்துக்குக் குச்சியை ஓங்குகிறவரை அவள் அந்தக் கையை விடவில்லை.